அரிசி ரேக் எத்தனை மணிக்கு வந்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மாவட்டப் பள்ளி ஒன்றின் அறிவியல் கண்காட்சியில் மாணவர்கள் அமைத்திருந்த மாடல் ரயிலைப் பற்றிய செய்தி, சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படத்துடன் வெளிவந்திருந்தது. "நிஜ ரயிலைப் போலவே ஓடியது" என்று தங்கள் செய்தியாளர் எழுதியிருந்தார். அந்தக் கண்காட்சிக்கு நானும் போயிருந்தேன். பிள்ளைகளின் கைவேலையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. தெர்மோகோலில் அவர்கள் செதுக்கி வைத்திருந்த விவேகானந்தர் பாறையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடலாம். ஆனால் நான் நின்றிருந்த அரை மணி நேரத்தில், நிலக்கரி ஏற்றிய ஒரே கூட்ஸ் வண்டி கன்னியாகுமரி ஸ்டேஷனைப் பதினோரு முறை நிற்காமல் தாண்டிப் போயிற்று. கன்னியாகுமரிக்கு அப்பால் தண்டவாளம் கிடையாது, கடல்தான் உண்டு என்பதை இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்த நிலக்கரி எங்கே ஏற்றப்பட்டது, யாருக்காக வருகிறது, ஏன் எவரும் அதை இறக்கவில்லை என்று பக்கத்தில் நின்ற மாணவனிடம் கேட்டேன். "சும்மா ஓடுது சார்" என்றான்.

அந்தச் "சும்மா" என்ற சொல்லுக்காகத்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன். கடிதம் சற்று நீண்டுவிட்டதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் தங்களிடம் ஒரு சிறு கோரிக்கையும் இருக்கிறது.

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். கோட்டாறில் என் வீட்டு மாடியறையில், பதினெட்டு அடிக்குப் பத்தடிப் பலகையின் மேல், திருநெல்வேலி – நாகர்கோவில் ரயில் பாதையை 87-இல் ஒரு பங்கு அளவில் பத்தாண்டுகளாக அமைத்து வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் பழைய மாணவர்கள் நான்கைந்து பேரும், அடுத்த தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பாயிண்ட்ஸ்மேன் (வண்டிகளைத் தடம் மாற்றி விடும் ரயில்வே ஊழியர்) ஒருவரும் வருவார்கள். அவரை நாங்கள் எல்லோருமே அண்ணாச்சி என்றுதான் அழைக்கிறோம். தண்டவாளம் பதித்ததும், ஆரல்வாய்மொழி மலையைப் பூச்சுவேலை செய்ததும், சிக்னல்களுக்கு விளக்கு பொருத்தியதும் இரண்டு ஆண்டுகளில் முடிந்துவிட்டன. கூட்ஸ் வண்டிகளுக்கு நம்பத்தக்க ஓர் அட்டவணை எழுதுவதற்குத்தான் எஞ்சிய ஆண்டுகள் தேவைப்பட்டன.

பயணிகள் வண்டிக்கு அட்டவணை எழுதுவதில் சிரமமே இல்லை. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் காலையில் வரும், மாலையில் சென்னைக்குத் திரும்பும். புத்தகத்தைப் பார்த்து எழுதிவிடலாம். கூட்ஸ் வண்டிக்கு அப்படி ஒரு புத்தகம் பொதுமக்கள் கையில் இல்லை. ஆகவே இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிற பெரும்பாலோர், பயணிகள் வண்டிக்கு நடுவில் ஓர் அழகுக்காகக் கூட்ஸ் வண்டியை ஓட விடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு கூட்ஸ் வண்டி ஏன் புறப்படுகிறது என்ற கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளாமல், அது எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்று எழுத முடியாது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

பதிலைத் தந்தது தங்கள் நாளிதழ்தான். தெலங்கானாவிலிருந்தோ ஆந்திரத்திலிருந்தோ நாகர்கோவிலுக்கு ரேஷன் அரிசி வந்தது, சுமார் 2,600 டன், லாரிகளில் பள்ளிவிளை கிடங்குக்குக் கொண்டுசெல்லப்பட்டது என்று அவ்வப்போது நான்கு வரியில் ஒரு செய்தி வரும். பலர் கண்ணில்கூடப் படாத அந்தச் செய்தியை நான் வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கத் தொடங்கினேன். 2,600 டன் என்பது 50 கிலோ மூட்டைகளாக 52,000 மூட்டை. மூடிய வேகன்கள் 42 கொண்ட ஒரு ரேக்கில், அதாவது ஒன்றாகக் கோத்த வேகன் தொடரில், அவற்றைப் பிரித்தால், வேகனுக்கு ஏறக்குறைய 62 டன், அதாவது 1,240 மூட்டைக்குச் சற்றுக் குறைவு. லாரிக்குப் பத்து டன் என்று வைத்தால் 260 நடை. ஒரு நான்கு வரிச் செய்திக்குள் இவ்வளவு கணக்கு இருக்கிறது. எங்கள் மாடியறையில் ஓடுகிற முதன்மையான கூட்ஸ் வண்டி இந்த அரிசி ரேக்தான்.

இதிலிருந்து இன்னொன்றும் தெளிவாயிற்று. நம் மாவட்டம் ரயிலில் சரக்கை வாங்கிக்கொள்கிற மாவட்டமே தவிர, ரயிலில் பெரிதாக அனுப்புகிற மாவட்டம் அன்று. குலசேகரத்து ரப்பரும், தோவாளைப் பூவும், கடற்கரை ஊர்களின் மீனும் சாலை வழியாகத்தான் போகின்றன. ஆகவே எங்கள் பாதையில் கூட்ஸ் வண்டி நிறைந்து வரும், காலியாகத் திரும்பும். வருவதும் போவதும் ஒரே மாதிரி இருக்கும்படி எழுதப்படும் அட்டவணை பார்வைக்கு ஒழுங்காக இருக்கலாம். ஆனால் உண்மைக்கு அதில் இடமில்லை. என் மாணவன் ஒருவன், முப்பந்தல் காற்றாலைகளின் இறக்கைகளைத் திறந்த வேகனில் ஏற்றிக்கொண்டு வரலாம் என்று மிக ஆசைப்பட்டான். அட்டையில் இறக்கை கூடச் செய்துவிட்டான். நான் கண்ட அளவில் அந்த இறக்கைகள் நீண்ட டிரெய்லர் லாரிகளில், ஊர் ஊராக வாகனங்களை ஓரங்கட்ட வைத்துக்கொண்டு, சாலையில்தான் வருகின்றன. கடைசியில் அந்த இறக்கையை எங்கள் ஆரல்வாய்மொழி லெவல் கிராசிங்கில் கேட் திறப்பதற்காகக் காத்திருக்கும் ஒரு டிரெய்லர் மேல் வைத்தோம். அவனுக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி.

அரிசிக்கு அடுத்து உர வண்டி ஒன்று உண்டு. அது மாதத்துக்கு ஒரு முறைதான். மூன்றாவதாக, தாழையூத்திலிருந்து சிமெண்ட் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போகும் வண்டி ஒன்றை நாங்கள் கற்பனையாக வைத்துக்கொண்டோம். தாழையூத்தில் சிமெண்ட் ஆலை இருப்பது உண்மை, எங்கள் வண்டியின் நாளும் நேரமும் மட்டும் எங்கள் ஊகம். ஒரு நாளைக்கு இவற்றில் இரண்டு வண்டிக்கு மேல் ஓட விடுவதில்லை என்று உறுதியாக இருக்கிறோம். பார்க்க வருகிறவர்கள், "இவ்வளவுதானா?" என்று கேட்பதுண்டு. இவ்வளவுதான்.

சரக்கு முடிவானதும் நீளத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. நம் ரயில்வேயில் லூப் லைனின், அதாவது ஒரு வண்டி ஒதுங்கி நின்று மற்றொன்றுக்கு வழிவிடும் பக்கத் தடத்தின், வழக்கமான நீளம் 686 மீட்டர். 42 வேகன்களும் இஞ்சினும் கார்டு பெட்டியும் சேர்ந்து ஏறக்குறைய 640 மீட்டர் வரும். அதனால்தான் ரேக் அந்த அளவில் இருக்கிறது. எங்கள் அளவில் அதையே அப்படியே செய்தால் இருபத்துநாலு அடி ஆகும். எங்கள் பலகையே பதினெட்டு அடிதான். நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் இடையிலுள்ள 74 கிலோமீட்டரை அளவு மாறாமல் செய்வதானால் 850 மீட்டர் தண்டவாளம் வேண்டும். என் மாடியறையிலிருந்து தொடங்கிப் பல தெருக்களைத் தாண்டிப் போக நேரிடும். ஆகவே சுருக்கியே ஆக வேண்டும். ஆனால் எதை எதற்கு ஏற்பச் சுருக்குவது என்பதில் ஒரு விதி இருக்கிறது: கிராசிங் நடக்கிற, அதாவது எதிரெதிர் வண்டிகள் ஒன்றையொன்று கடக்கிற, ஸ்டேஷன்களில் எது மிகக் குட்டையான லூப்போ, அதற்குள் வண்டி முழுதும் அடங்க வேண்டும். எங்கள் ஆரல்வாய்மொழி லூப் ஏழடி. இஞ்சினுடனும் கார்டு பெட்டியுடனும் பத்து வேகன்கள் ஆறே முக்கால் அடிக்குள் நிற்கும். முதல் ஆண்டில் ஆசை மிகுதியால் பதினான்கு வேகன்கள் கோத்தோம். தலை லூப்பிலும் வால் மெயின் லைனிலும் கிடக்க, எதிரே வந்த எக்ஸ்பிரஸ் அரை நாள் (எங்கள் கடிகாரத்தில்தான்) நின்றது. அன்றிலிருந்து பத்துக்கு மேல் இல்லை.

இங்கே ஒரு குறிப்பு. நம் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். 87-இல் ஒரு பங்காக்கினால் 19 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். கடையில் கிடைக்கும் தண்டவாளம் வெளிநாட்டு அகலத்துக்கு ஏற்ப 16.5 மில்லிமீட்டர்தான். இந்த மூன்று மில்லிமீட்டர் குறையை நினைத்து வருந்துகிற பலரை நான் சந்தித்திருக்கிறேன். ஒரே நிலக்கரி ஆண்டு முழுவதும் இறக்கப்படாமல் சுற்றிக்கொண்டிருப்பதை நினைத்து வருந்துகிறவரை இதுவரை சந்திக்கவில்லை.

இனி நேரத்துக்கு வருகிறேன். நான் கணிதம் கற்பித்தவன் ஆதலால், முதலில் எழுதிய அட்டவணையில் அரிசி வண்டி வள்ளியூருக்கு 1.12-க்கும், ஆரல்வாய்மொழிக்கு 1.40-க்கும், நாகர்கோவிலுக்கு 1.58-க்கும் வந்து சேர வேண்டும் என்று நிமிடக் கணக்காகக் குறித்திருந்தேன். அதை அழகாகத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியும் இருந்தேன். முதல் ஞாயிறன்றே ஒரு மாணவனின் எக்ஸ்பிரஸ் வள்ளியூர் பாயிண்டில் (தடம் பிரியும் இடத்தில்) தடம் இறங்கிப் பத்து நிமிடம் தாமதமாயிற்று. அந்த ஒரு தாமதத்தில் என் அட்டவணை முழுவதும் சரிந்து, மூன்று வண்டிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. அண்ணாச்சி சுவரிலிருந்த தாளை நிதானமாகப் படித்துவிட்டுச் சொன்னார்: "சாரே, கூட்ஸுக்கு யாரு டைம் போட்டா? அதுக்கு எடம்தான் உண்டு, டைம் கெடையாது."

அவர் பணியாற்றிய காலத்தில் ஒரு கூட்ஸ் வண்டி லூப்பில் எத்தனை மணி நேரம் நிற்கும் என்று அவர் சொல்லக் கேட்டபோதுதான், நான் எழுத வேண்டியது வண்டி ஓடுகிற நேரத்தை அன்று, நிற்கிற நேரத்தை என்பது விளங்கிற்று. கல்யாண வீட்டில் விருந்தாளிகள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு கடைசிப் பந்தியில் உட்காரும் வீட்டுக்காரரைப் போன்றது கூட்ஸ் வண்டி. எக்ஸ்பிரஸ் போக வேண்டும், பாசஞ்சர் போக வேண்டும், எதிரே வருகிறது வந்து சேர வேண்டும். அடுத்த ஸ்டேஷன் லைன் கிளியர், அதாவது பாதை காலி, வரலாம் என்ற அனுமதி, கொடுக்க வேண்டும். அதற்குள் டிரைவரின் பணி நேரம் முடிந்துவிட்டால் மாற்று ஆள் வர வேண்டும். மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்தில் போகத்தக்க வண்டிகள் இவை. ஆயினும் நாடு முழுவதும் கூட்ஸ் வண்டிகளின் சராசரி வேகம் நெடுங்காலமாக 25 கிலோமீட்டரை ஒட்டியே இருந்தது. 2020-இல் கொரோனா முடக்கத்தின்போது பயணிகள் வண்டிகள் நிறுத்தப்பட்டதும், அதே இஞ்சின், அதே வேகன், அதே தண்டவாளத்தில் அந்தச் சராசரி 40-ஐத் தாண்டியது. வேகத்தை விழுங்கியது காத்திருப்புதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இப்போது நாங்கள் எழுதும் முறை வேறு. ஒரு பெரிய கிராப் தாளை எடுத்துக்கொண்டு, மேலிருந்து கீழாக ஸ்டேஷன்களையும், இடமிருந்து வலமாக இருபத்துநாலு மணி நேரத்தையும் குறிக்கிறோம். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்கோடு. வண்டி நிற்கும்போது கோடு படுத்துக்கொள்ளும். ரயில்வே கண்ட்ரோல் அறையில் சார்ட் என்று சொல்வதும் இதைத்தான். முதலில் எக்ஸ்பிரஸ்களை மையால் வரைகிறோம், பிறகு பாசஞ்சர்களை. ஒற்றைப் பாதையில் இரண்டு கோடுகள் ஸ்டேஷன் கோட்டின் மேல் அல்லாமல் நடுவழியில் வெட்டிக்கொண்டால், காகிதத்திலேயே விபத்து நடந்துவிட்டதாகப் பொருள். அழித்து மீண்டும் வரைய வேண்டும். எல்லாம் முடிந்தபின் தாளில் எஞ்சியிருக்கும் வெள்ளை இடங்கள்தான் கூட்ஸ் வண்டிக்கு உரியவை. அங்கே பென்சிலால் மட்டுமே வரைகிறோம். அண்ணாச்சி சொன்ன "எடம்" இதுதான் என்று, பத்தாம் வகுப்புக்குச் சாய்வு என்றால் என்ன என்று முப்பது ஆண்டுகள் நடத்திய எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எங்கள் மாடல் 2005-ஆம் ஆண்டை வைத்து அமைந்தது. இன்று திருநெல்வேலிப் பக்கம் இரட்டைப் பாதையாகிவிட்டது. மின்சார இஞ்சின்கள் வந்துவிட்டன. வந்தே பாரத் நாகர்கோவிலுக்கு வருகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் ஒற்றைப் பாதையும் டீசல் இஞ்சினும் இருந்த காலத்தில் கிடைக்கிற கிராசிங் இன்று கிடைக்காது. அட்டவணை எழுதுகிறவனுக்கு ஒற்றைப் பாதையைப் போன்ற ஆசிரியர் இல்லை. தவிரவும், இந்த மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979 ஏப்ரலில்தான். அப்போது நான் கல்லூரி மாணவன். திருநெல்வேலிப் பாதை திறக்க 1981 ஏப்ரல் வரை காத்திருந்தோம். அந்தப் பாதையைப் புதிதாகப் பார்த்த கண்ணோடு மாடலில் வைக்க எனக்கு ஆசை இருந்ததையும் ஒப்புக்கொள்கிறேன்.

கடிகாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் கடிகாரம் உண்மையைவிட ஆறு மடங்கு விரைவாக ஓடும். பிற்பகல் 3 மணிக்கு எங்களுக்கு நள்ளிரவு. மாலை 7 மணிக்கு மறுநாள் நள்ளிரவு. முதலில் பன்னிரண்டு மடங்கு வைத்துப் பார்த்தோம். இஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்ட ஒரு பையனுக்கு மூன்று நிமிடம் ஆகும். பன்னிரண்டு மடங்கில் அது 36 நிமிடமாகி எல்லாவற்றையும் பிந்த வைத்தது. ஆறு மடங்கில் 18 நிமிடம். உண்மையில் ஆகிற நேரத்துக்கு அது மிக நெருக்கம். கடிகாரத்தை விரைவாக ஓட்டலாம், மனிதனின் கையை விரைவாக ஓட்ட முடியாது. ஆகவே கையின் வேகத்தை அளந்துவிட்டுத்தான் கடிகாரத்தின் வேகத்தை முடிவு செய்ய வேண்டும்.

இஞ்சினை முன்பின்னாக மாட்டுவது நாகர்கோவிலில் தனிக் கதை. திருநெல்வேலியிலிருந்து வரும் பாதையும், திருவனந்தபுரத்திலிருந்து டவுன் ஸ்டேஷன் வழியாக வரும் பாதையும் கோட்டாறு ஜங்ஷனில் ஒரே பக்கத்திலிருந்து வந்து சேர்கின்றன. ஜங்ஷனுக்குள் வந்துவிட்டு இவற்றில் மற்றப் பாதையில் போக வேண்டுமானால் இஞ்சினைத் திருப்பி மாட்டியே ஆக வேண்டும். உள்ளே வராமல் போகிற வண்டிக்கு டவுன் ஸ்டேஷன் வழியாக ஒரு சுற்றுப்பாதை உண்டு. ஆக, மூன்று பக்கமும் சேர்ந்து ஒரு முக்கோணம். எங்கள் கற்பனைச் சிமெண்ட் வண்டி ஜங்ஷனைத் தொடாமல் முக்கோணத்தின் வெளிப்பக்கமாகக் கேரளம் போய்விடும். அரிசி வண்டியோ உள்ளே வந்து, சரக்கை இறக்கி, திரும்பி வந்த வழியே போக வேண்டும். இந்த முக்கோணத்தை நாங்கள் முதன்முதலில் இணைத்து மின்சாரம் கொடுத்த அன்று பவர் பேக் (தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பெட்டி) உடனே அணைந்துபோயிற்று. மூன்று முறை போட்டும் மூன்று முறையும் அணைந்தது. மின்சாரத்தின் இரு முனைகளும் இரு தண்டவாளங்களில் தனித்தனியே வருகின்றன, சுற்றி வரும்போது இடப்பக்கத் தண்டவாளம் போய் வலப்பக்கத் தண்டவாளத்தைத் தொட்டுவிடுகிறது என்பதை ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன்தான் விரலால் தடவிக்கொண்டே போய்க் கண்டுபிடித்தான். ஒரு பக்கத்தை இரு முனையிலும் வெட்டித் தனியாக்கி, மின்முனையை மாற்றும் ஒரு சுவிட்சை வைத்த பிறகு சரியாயிற்று.

அரிசி வண்டியின் ஒரு நாள் எங்களிடம் எப்படிப் போகும் என்று சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலி என்பது எங்களுக்குத் திரைக்குப் பின்னால் மறைந்திருக்கும் நான்கு தடங்கள். முந்தைய ஞாயிறன்றே அரிசி ரேக் அங்கே வந்து நின்றுவிடும். நள்ளிரவுக்குப் பின் கிராப் தாளில் உள்ள முதல் வெள்ளை இடத்தில் அது புறப்பட்டு, வள்ளியூரில் ஒரு கிராசிங்குக்காக நிற்கும். ஆரல்வாய்மொழியில் இன்னொன்றுக்காக நிற்கும். எல்லாம் நல்லபடி நடந்தால் அதிகாலை 3.20-ஐ ஒட்டி ஜங்ஷனுக்கு வரும். நல்லபடி நடக்காவிட்டால் 5 மணி. காலையில் சென்னையிலிருந்து எக்ஸ்பிரஸ் வருவதற்கு முன் அது மெயின் லைனைக் காலி செய்துவிட்டால் போதும் என்பதுதான் எங்கள் ஒரே கட்டளை. 6 மணிக்குச் சுமைப்பணித் தொழிலாளர்கள் வருவார்கள். இறக்கி முடிக்க ஒன்பது மணி நேரம் என்று வைத்திருக்கிறோம். அதைத் தாண்டினால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். உண்மையில் 52,000 மூட்டையை ஒன்பது மணி நேரத்தில் இறக்குவதென்றால் ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்கு ஒரு லாரி வெளியே போயாக வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த அன்று, கூட்ஸ் ஷெட்டுக்கு வெளியே லாரி நிறுத்த எங்கள் பலகையில் ஓரடி இடத்தைக் கூடுதலாக ஒதுக்கினோம். பத்து வேகன்களுக்கும் பத்து அட்டைகள்; உண்மை நேரத்தில் ஒன்பது நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு பையன் ஓர் அட்டையை "நிறைவு" என்ற பக்கத்திலிருந்து "காலி" என்ற பக்கத்துக்குத் திருப்புவான். பார்வையாளர்களுக்கு அலுப்பூட்டும் வேலை இது. ஆனால் நாங்கள் குலுக்கி எடுக்கும் சீட்டுக்கட்டில் மழை என்று எழுதிய சீட்டு ஒன்றும் உண்டு. அந்தச் சீட்டு வந்தால் அரிசி நனையாமலிருக்க வேகன் கதவை அடைத்துவிட்டுச் சும்மா உட்கார வேண்டும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆகவே ஜூன், ஜூலையிலும் அக்டோபர், நவம்பரிலும் மழைச் சீட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிடுகிறோம்.

பிற்பகல் 3 மணிக்கு ரேக் காலியாகிவிட்டாலும் உடனே போக முடியாது. இஞ்சின் மறுமுனைக்கு வர வேண்டும். கார்டு பெட்டி இந்த முனைக்குப் போக வேண்டும். ஒருமுறை இரண்டாவது வேலையை நாங்கள் மறந்து, கார்டு பெட்டியை இஞ்சினை ஒட்டியே வைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டோம். "கார்டு சாரை இஞ்சினுக்குப் பொறத்தால உக்கார வச்சா கொண்டு போறிய மக்கா? வண்டி அத்துகிட்டா யாரு பாப்பா?" என்று அண்ணாச்சி நாற்காலியிலிருந்தே கேட்டார். வண்டி பாதியில் பிரிந்தால் பின்னால் இருப்பவருக்குத்தான் தெரியும் என்பதை எங்கள் பிள்ளைகள் அதன்பின் மறந்ததில்லை. எல்லாம் முடிந்தாலும், மாலையில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் சென்னைக்குப் போகும் வரை காலி ரேக் நின்றுகொண்டுதான் இருக்கும். பிறகு 6.40-ஐ ஒட்டி, மூன்றரை மணி நேரத்துக்கு மேலாக வெறுமனே நின்ற அந்த வண்டி, ஓசையே இல்லாமல் திருநெல்வேலி நோக்கிப் புறப்படும்போது எங்கள் அறையில் யாரும் பேசுவதில்லை. ஒரு வண்டி ஓடியதைவிட நின்றதால் உண்மையாகத் தோன்றுகிறது என்பதை நேரில் பார்த்தவர்களுக்குத்தான் புரியும்.

மேலைநாட்டு வழிகாட்டிகளைப் படித்து இதைச் செய்ய விரும்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் 1960-களின் தொடக்கத்தில் டக் ஸ்மித் என்பவர் ஒவ்வொரு வேகனுக்கும் ஓர் அட்டை, அதில் செருகும் சரக்குச் சீட்டு என்று ஒரு முறையை வகுத்தார். இன்றுவரை உலகெங்கும் அதைப் பின்பற்றுகிறார்கள். ஒரு வண்டியிலிருந்து ஒரு வேகனை இந்த ஆலையிலும் இன்னொன்றை அந்தக் கிடங்கிலும் விட்டுச் செல்லும் நாட்டுக்கு அது மிகப் பொருத்தமான முறை. நம் நாட்டிலோ 1980-களிலிருந்து தனி வேகனாகச் சரக்கு அனுப்புவது படிப்படியாகக் குறைந்து, ரேக் முழுவதும் ஒரே சரக்கு, ஒரே இடத்திலிருந்து ஒரே இடத்துக்கு என்றாகிவிட்டது. ஆகவே 2005-ஆம் ஆண்டு நாகர்கோவிலில் பத்து வேகன்களைப் பத்து இடத்துக்குப் பிரித்து ஷண்டிங் செய்வது விளையாட்டாக இருக்குமே ஒழிய, நாகர்கோவிலாக இருக்காது. எங்களுக்கு ரேக்குக்கு ஒரே ஒரு பயணச் சீட்டுதான். ஷண்டிங்கில் ஆசை உள்ளவர்கள், காலத்தைப் பின்னுக்குத் தள்ளி வேறு ஊரின் மீட்டர் கேஜ் பாதை ஒன்றைச் செய்துகொள்ளலாம். அங்கே அதற்கு நிறைய இடமிருக்கிறது.

இனி என் கோரிக்கை. மாவட்டத்துக்கு அரிசியோ உரமோ ரயிலில் வந்த செய்தியைத் தாங்கள் தொடர்ந்து வெளியிடுகிறீர்கள்; அதற்கு நன்றி. அந்தச் செய்தியில் எத்தனை வேகன்கள், எந்த நேரத்தில் வந்தது, இறக்கி முடிக்க எவ்வளவு நேரம் ஆயிற்று, காலி ரேக் எப்போது புறப்பட்டது என்ற நான்கு விவரங்களை ஒரே வரியில் சேர்த்துத் தர இயலுமா? ரேஷன் கடைக்கு அரிசி எப்போது வரும் என்று காத்திருப்பவர்களுக்கும், கிடங்கில் வேலை செய்பவர்களுக்கும்கூட அது பயன்படும் என்றே நினைக்கிறேன். இன்னொன்று, ரயில்வேக்கு. பணியாளர்களுக்கான ரயில் இயக்க அட்டவணைப் புத்தகங்கள் அலுவலகப் பயன்பாட்டுக்கு உரியவை என்பது தெரியும். ஆனால் பத்து, இருபது ஆண்டுகளுக்கு முன் காலாவதியான புத்தகங்களையும், கண்ட்ரோல் அறையின் பழைய சார்ட்டுகளில் சிலவற்றையும் நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் வைக்க அனுமதித்தால், இனி அறிவியல் கண்காட்சியில் மாடல் ரயில் செய்கிற பிள்ளைகள் கன்னியாகுமரியைத் தாண்டி நிலக்கரி கொண்டுபோக மாட்டார்கள்.

சென்ற செவ்வாய்க்கிழமை நாகர்கோவிலுக்கு 2,600 டன் அரிசி வந்ததாகத் தங்கள் நாளிதழில் படித்தேன். வழக்கம்போல் நான்கு வரி, வழக்கம்போல் நேரம் இல்லை. எங்கள் திரைக்குப் பின்னால் மூன்றாம் தடத்தில் பத்து வேகன்கள் நிறைவு அட்டையுடன் நிற்கின்றன. அந்த ரேக் இரவில் வந்ததா, பகலில் வந்ததா என்பதைத் தங்கள் செய்தியாளர் கேட்டுச் சொன்னால், வரும் ஞாயிறு பென்சிலை எந்த இடத்தில் வைப்பது என்று முடிவு செய்வோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கோட்டாறு, நாகர்கோவில்.